மாவு மில்லுக்கு வந்த மொட்டைக் கடுதாசி

"பயமா? எனக்கா? இடுப்பளவு தண்ணியில நின்னவன், ஒரு கடுதாசிக்குப் பயப்படுவேனா?"

பொண்டாட்டி விஜயராணிகிட்ட இப்படிச் சொல்லிக்கிட்டே, சட்டைப் பட்டனை ஒரு ஓட்டை தள்ளி மாத்திப் போட்டுக்கிட்டாரு வீரமலை.

கொள்ளிடத்துத் தண்ணி ஸ்ரீரங்கத்துல அவரு மாவு மில்லுக்குள்ள புகுந்து பன்னெண்டு நாளாச்சு. மோட்டார் போச்சு. வெள்ள நிவாரணத்துக்கு மனு குடுத்திருந்தாரு. கிடைச்சா மில்லு ஓடும். இல்லேன்னா மன்னார்புரத்துல எவன் வீட்டு வாசல்லயோ செக்யூரிட்டி வேலைதான். அம்பத்தெட்டு வயசுல விசில் ஊதப் பழகணும்.

அந்த நேரம் பார்த்துத்தான் தலையாரி காத்தான் காலையில வந்து குண்டு போட்டான்.

"அண்ணே, உங்க மில்லைப் பத்தி ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. ரெவின்யூ ஆபீஸ் ஆர்.ஐ. மேடமே நேர்ல வராங்க."

அதிலேருந்து வீரமலை ஒரு குடம் தண்ணி குடிச்சிருப்பாரு.

"யாருங்க எழுதியிருப்பா?"ன்னா விஜயராணி.

"வேற யாரு? சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற டோரதிதான்."

"தையல்கடை டோரதியா? சீச்சீ. அந்தப் புள்ள மெஷினும்தானே முங்கிப் போச்சு?"

"அதான் சொல்றேன். ஒரு கட்டடத்துக்கு ஒரு கடைக்குத்தான் பணம்னு டீக்கடையில பேசிக்கிறாங்க. நம்ம ரெண்டு கடையும் ஒரே கட்டடம். நம்ம பேரை அடிச்சாத்தான் அவ பேரு நிக்கும்."

"அதுக்காக ஒருத்தி இப்படி எழுதுவாளா?"

"எழுதுவா."

"அவ்வளவு நிச்சயமா எப்படிங்க சொல்றீங்க?"

வீரமலை மாத்திப் போட்ட பட்டனைக் கழட்ட ஆரம்பிச்சாரு. வாசல்ல ஸ்கூட்டி வந்து நின்னுச்சு.

ஆர்.ஐ. ஆனந்தவள்ளி மேடம் அதிகம் பேசற ஆளு இல்ல. மோட்டாரைக் குனிஞ்சு பார்த்தாங்க. அப்புறம் சுவத்தைப் பார்த்தாங்க. பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

"தண்ணி எது வரைக்கும் நின்னுச்சு?"

வீரமலை இடுப்புல கை வெச்சுக் காட்டினாரு.

"தண்ணி நின்ன கோடே காணோமே?"

"வெள்ளையடிச்சிட்டேங்க மேடம். மாவு மில்லு பாருங்க. சேத்துச் சுவரைப் பார்த்தா எந்தப் பொம்பளை மாவு அரைக்க வருவா?"

"மோட்டாரே ஓடலை. யாருக்கு வெள்ளை?"

அந்தக் கேள்வி அவருக்கே இப்பத்தான் தோணுச்சு.

மேடம் ஃபைலைத் திறந்து ஒரு பேப்பரை எடுத்தாங்க. வீரமலை கல்லாப் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டாரு. மேடம் சத்தமாவே படிச்சாங்க.

"'ஐயா, என் பெயர் வேண்டாம். மாவு மில் வீரமலை, சுவர் முழுக்க வெள்ளையடித்து விட்டார்...'"

கதை முடிஞ்சுதுன்னு நெனச்சாரு. காதுக்குள்ள விசில் சத்தம் கேட்டுச்சு.

"'...அதைப் பார்த்துத் தண்ணீரே வரவில்லை என்று தள்ளிவிட வேண்டாம். இடுப்பளவு தண்ணீர் நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு கட்டடத்தில் ஒரு கடைக்குத்தான் பணம் என்றால் மில்லுக்கே கொடுங்கள். பக்கத்துத் தையல் கடையில் மோட்டார் இல்லாமல் காலால் மிதித்தாவது தைத்துக்கொள்ளலாம். மில்லைக் காலால் ஓட்ட முடியாது.'"

மேடம் பேப்பரைத் திருப்பினாங்க. பின்பக்கம் ஜாக்கெட் அளவு. கை நீளம், கழுத்து இறக்கம் எல்லாம் இருந்துச்சு.

"பேரு வேண்டாமாம். ஆனா அளவு நோட்டுல கிழிச்சு எழுதியிருக்காங்க"ன்னு மொத தடவையா சிரிச்சாங்க. "ஆமா, கட்டடத்துக்கு ஒரு கடைன்னு யாரு கிளப்பி விட்டது? அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது. உங்க மோட்டாரை எழுதிக்கிட்டேன்."

விஜயராணி மேலே பார்த்துக் கும்பிட்டா. கண்ணெல்லாம் தண்ணி.

"பார்த்தீங்களா, அந்தப் புள்ளையைப் போய் என்ன பேச்சு பேசினீங்க!"

வீரமலை கல்லாப் பெட்டியிலேருந்து இன்னும் கையை எடுக்கலை.

மேடம் ஃபைலுக்குள்ள தேடி ஒரு கவரை வெளியே எடுத்தாங்க.

"டோரதி கடையையும் இப்பவே பார்த்துடறேன். அவங்க மேலயும் ஒரு மொட்டைக் கடுதாசி. இது வேற ரகம். கடைக்குள்ள தண்ணியே வரலையாம், மெஷினையெல்லாம் முன்னாடியே மாடிக்குத் தூக்கிட்டாங்களாம், எல்லாம் நடிப்பாம். இந்தக் கடுதாசியாலதான் அவங்க மனு கிடப்புல கிடக்குது."

சொல்லிட்டு மேடம் பக்கத்துக் கடைக்குள்ள போயிட்டாங்க.

"எந்தப் பாவி இப்படி எழுதினான்? அவன் கை விளங்குமா?"ன்னா விஜயராணி.

வீரமலை தன்னோட வலது கையைப் பார்த்தாரு. வீட்டுல கோந்து தீர்ந்து போயி, அந்தக் கவரை மைதா மாவைக் கரைச்சு ஒட்டினது அந்தக் கைதான்.

பக்கத்துலேருந்து டோரதி குரல் வந்துச்சு.

"வீரமலை அண்ணே! தண்ணி வந்ததுக்கு சாட்சி வேணும்னு மேடம் கேக்கறாங்க. உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன். கொஞ்சம் வாங்களேன்!"

"போங்க, போயி நாலு வார்த்தை நல்லபடியா சொல்லுங்க"ன்னு விஜயராணி அவரைத் தள்ளிவிட்டா.

'வரேம்மா'ன்னாரு வீரமலை. வலது கையைச் சட்டையில துடைச்சுக்கிட்டே போனாரு.