அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் லீவு

"எனக்கு ஒரு குறையும் இல்லைங்க மேடம். அந்தப் பொண்ணுக்குத்தான் ஒரு நாள் லீவு வாங்கிக் குடுக்கணும்."

தொழிலாளர் துறை ஆய்வாளர் பேனாவை நிறுத்தினாள். காலையிலிருந்து தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கியாயிற்று. நிழல் இல்லை, தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை என்று ஆளாளுக்கு ஒரு பாட்டம் புலம்பினார்கள். புலம்பியதில் நியாயமும் இருந்தது. மாதுளைத் தோட்டத்தின் கடைக்கோடியில், பரண் மேல் உட்கார்ந்து நாளெல்லாம் தகர டப்பாவைத் தட்டிக் கிளி விரட்டும் இந்த மனிதர் மட்டும் அடுத்தவருக்காகக் கேட்கிறார்.

"எந்தப் பொண்ணு?"

"ஆபீஸ்ல இருக்குங்க. மணிக்கொரு தடவை இதுல கூப்பிட்டு விசாரிக்கும்." இடுப்பில் தொங்கிய வாக்கி டாக்கியைத் தொட்டுக் காட்டினார்.

தனியாக வேலை பார்ப்பவரை மணிக்கொரு தடவை விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். பரவாயில்லையே, இந்த முதலாளி இதையாவது ஒழுங்காகச் செய்கிறாரே என்று படிவத்தில் ஒரு டிக் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமைகூட விடறதில்லைங்க. காலையில ஆறிலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் அதே குரல்தான். இருமல் வேற. பிழிஞ்சு எடுக்கறாங்க அதை."

"சரி, உங்களுக்கு லீவு உண்டா?"

"எனக்கு எதுக்குங்க? வீட்டுக்குப் போனா சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காரணும். பொண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டா. இங்க இருக்கறது கிளி ஒண்ணுதான், அதையும் விரட்டறதுதான் என் வேலை." சிரித்தார். "என்னை அண்ணேன்னு கூப்பிட உலகத்துல அந்தப் பொண்ணு ஒண்ணுதான். மனசுல உள்ளதையெல்லாம் அதுகிட்டக் கொட்டிடுவேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாது. பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை."

சொல்லி வாய் மூடவில்லை, வாக்கி டாக்கி கரகரத்தது.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?" இளம் குரல். நடுவில் ஓர் இருமல். "பத்திரமா இருங்கண்ணே."

மனிதருக்கு வாயெல்லாம் பல். பொத்தானை அழுத்தினார். "நல்லா இருக்கேன் தாயி. ஒரு மேடம் வந்திருக்காங்க. உன் லீவைப் பத்திதான் பேச்சு. மருந்து குடிச்சியா?"

பதில் வரவில்லை.

"வேலை தலைக்கு மேல இருக்கும், பாவம். எத்தனை தோட்டத்துக்குப் பேசணும்!" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் அவர் இடது காலை மடக்காமல் நீட்டியே வைத்திருப்பதை அவள் கவனித்தாள்.

"காலுக்கு என்ன ஆச்சு?"

"போன மாசம் பரண்லேர்ந்து விழுந்துட்டேன். எழுந்திருக்க முடியலை. இதுலதான் அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேன்."

"யார் வந்தாங்க?"

"யாரும் வரலைங்க. சாயங்காலமா நானே தவழ்ந்து ரோட்டுக்குப் போயிட்டேன்."

அவளுக்குச் சுரீரென்றது. ஒரு மனிதன் விழுந்து கிடக்கிறேன் என்கிறான். ஆள் அனுப்பக்கூட ஒருத்திக்கு மனசு வரவில்லையா?

"லீவாவது ஒண்ணாவது! அவளை வேலையை விட்டே அனுப்பணும்!"

மனிதர் பதறிப்போனார். "ஐயோ, அது பொழைப்புல மண்ணள்ளிப் போட்டுடாதீங்க மேடம்! அது சொல்லித்தான் இருக்கும். மேல இருக்கறவங்க காதுல போட்டுக்கலை. அதுவும் போயிட்டா நான் யார்கிட்டப் பேசுவேன்?"

அவள் விடுவிடுவென்று ஆபீசுக்கு நடந்தாள். வழியில் ஈ காக்கை இல்லை. கால் மணி நேரம் தனியாக நடந்ததற்கே யாரிடமாவது நாலு வார்த்தை பேசினால் தேவலை என்றிருந்தது. பின்னால் தகர டப்பாச் சத்தம் ரொம்ப தூரம் கேட்டது.

"வாக்கி டாக்கியில பேசற பொண்ணைக் கூப்பிடுங்க," என்றாள் மேனேஜரிடம், உட்காராமலே.

"அதுவா? கல்யாணம் ஆகிப் போய் மூணு வருஷம் ஆச்சே மேடம்!" அலமாரி மேலிருந்த கறுப்புப் பெட்டியைப் பெருமையாகக் காட்டினார். "போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பேச வெச்சுப் பதிவு பண்ணிக்கிட்டோம். அன்னைக்குப் பார்த்து அதுக்குக் கொஞ்சம் சளி. மத்தபடி, மணி ஆனா டாண்ணு பேசிடும்."

அவள் அந்தப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள். "பரண்ல இருக்கறவர் பதில் சொல்றாரே... அதை யார் கேக்கறா?"

"கேக்கற வசதி அந்தப் பெட்டியில இல்லைங்க மேடம்."