கண்டாக்கு நாய்

ஜீப்பில் ஏற மாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றி நின்றது சீசர். கண்டாக்கையா சங்கிலியைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். எட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தின் வாசலில், நின்ற சனம் இன்னும் எட்டப் போனது.

கண்டாக்கு என்றதும் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் நினைவுக்கு வர வேண்டாம். தேயிலை மலையில் யார் எங்கே வேலை செய்ய வேண்டும் என்று ஏவுகிற உத்தியோகத்தர் அவர். அவருடைய குவாட்டர்ஸ் வாசலில் கட்டிக் கிடக்கும் கறுப்பு ராட்வைலர்தான் சீசர்.

"இந்தச் சாதி நாய் கடிச்சா பிடிய விடாதாம். வளத்தவனையே கொன்னுருக்காம், யூடியூப்ல பாத்தேன்," என்றான் லயத்துப் பையன் கிஷாந்த். அவன் வீட்டு வெள்ளைக் குட்டி போன மாதம் தபால்காரரின் கெண்டைக்காலைக் கவ்வியதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கூட்டத்தில் நின்ற, கொழுந்து பறிக்கும் காளியாயிக்கும் அதுவரை அதே எண்ணம்தான். ஆனால் இழுத்த இழுப்பில் சங்கிலி கைநழுவ, சீசர் நேரே அவளிடம்தான் ஓடி வந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கடி விழவில்லை. ஈரமூக்கு ஒன்று அவள் உள்ளங்கையை முகர்ந்தது. பிறகு சீசர் அதை நக்கிவிட்டு, அவள் காலடியிலேயே படுத்துக்கொண்டது. காளியாயி கண்ணைத் திறந்தாள். இதைக் கொல்லச் சொன்னவளே அவள்தான்.

முந்தாநாள் அவள் தங்கச்சி சுலக்ஷனா கொழுந்துச் சாக்கைக்கூடப் போட்டுவிட்டு மலையிலிருந்து ஓடி வந்தாள். தோளில் சட்டை கிழிந்து இரத்தம் கசிந்தது. "கண்டாக்கு நாய் கடிச்சிருச்சுக்கா," என்றாள். அதற்கு மேல் அவளைக் காளியாயி எங்கே பேசவிட்டாள்?

காளியாயியின் வாய் அப்படி. ஆஸ்பத்திரியில் டாக்டர் தங்கச்சியிடம் கேட்டதற்கெல்லாம் அக்காவே பதில் சொன்னாள். "நாய் காலைத்தானே கடிக்கும், தோளை எப்படிக் கடிச்சது?" என்று அவர் இழுத்தபோது, "இவ குனிஞ்சு கொழுந்து எடுத்துருப்பா, மேல பாஞ்சிருக்கும். அது கன்னுக்குட்டி ஒசரமுங்க," என்று விளக்கம் கொடுத்ததும் அவள்தான். சுலக்ஷனா சுவரைப் பார்த்தபடி ஊசியைப் போட்டுக்கொண்டாள்.

"நாயைக் கொல்லாதீங்க, கட்டி வச்சுக் கொஞ்ச நாள் பாருங்க," என்று டாக்டர் சொன்னார். அது காளியாயியின் காதில் ஏறவே இல்லை. மறுநாள் காலை பெரட்டில், எல்லாரும் வேலைக்குக் கூடிய இடத்தில், "அந்த நாய் இருக்கிற வரைக்கும் ஒருத்தியும் மலைக்கு எறங்க மாட்டோம்," என்று நடுவில் போய் நின்றாள்.

பெரிய சண்டையாகும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கொழுந்தில் ஒரு முற்றின இலை கிடந்தாலே குதிக்கிற மனுஷன் கண்டாக்கையா. அவரோ பிள்ளை மாதிரி வளர்த்த நாய்க்காக ஒரு வார்த்தை வாதாடவில்லை. "கடிச்சிச்சுதான். தப்புத்தான். ஊசி போட்டுக் கொன்னுர்றேன்," என்று குனிந்த தலையோடு சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அவர் வந்து சங்கிலியை மறுபடி பிடித்தார்.

"வேணாங்கய்யா. கட்டிப்போட்டே வச்சுக்கங்க. பாவமா இருக்கு," என்றாள் காளியாயி.

"நீதானே கேட்ட?" என்றார் அவர். நாயைத் தூக்கி ஜீப்பில் போட்டார். ஜீப் நோர்வூட் டவுன் பாதையில் இறங்கும் வரை சீசர் பின்கண்ணாடி வழியே அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் ஜீப் வெறுமனே திரும்பி வந்தது. காளியாயிக்குச் சோறு இறங்கவில்லை. குவாட்டர்ஸ் படியில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என் வாயால ஒரு உசுரு போயிருச்சுங்கய்யா. மன்னிச்சுருங்க."

கண்டாக்கையா கோபப்படவில்லை. "போனது போகட்டும். வீட்ல கூட்டிப் பெருக்க எனக்கு ஆளில்ல. ஒன் தங்கச்சிய அனுப்பு. மழையில நனைஞ்சு மலை ஏற வேணாம். நாய்ப் பயமும் இனிமே இல்ல."

காளியாயிக்குக் கண் கலங்கிவிட்டது. நாயைப் பறிகொடுத்த மனுஷன், பறித்தவள் வீட்டுக்கே நல்லது நினைக்கிறாரே என்று உருகினாள். "நாளைக்கே அனுப்புறேங்கய்யா," என்று வாக்குக் கொடுத்தாள். லயத்துக்கு இறங்கும்போது பாவத்தில் பாதி கரைந்தது போல இருந்தது.

அடுப்படியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் சுலக்ஷனா. அக்கா ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

"நான் அங்க போக மாட்டேன்," என்றாள் சுலக்ஷனா.

"கடிச்ச நாய்தான் செத்துருச்சேடி. இன்னும் என்னா பயம்? அதைக் கொன்ன பாவத்துக்கு இந்த ஒத்தாசையாவது செய்வோம்."

"சீசர் கடிச்சிச்சுன்னு நான் எப்பக்கா சொன்னேன்? கண்டாக்கு நாயின்னுதான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேடி."

சுலக்ஷனா கம்பளியைத் தோளுக்கு மேல் இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள்.

"இல்லக்கா. நான் சொன்ன நாய் இப்பத்தான் ஒங்கிட்டப் பேசி அனுப்பியிருக்கு."