கையெழுத்துப் போடாத வீடு

"முடியாதுன்னா முடியாதுங்க, விசாலாக்ஷி. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மரகதம் பேனாவைத் திருப்பி நீட்டினாள்.

வாசலில் நின்ற விசாலாக்ஷிக்கு முகம் சிறுத்துவிட்டது. அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவின் அந்த அபார்ட்மெண்ட் வளாகத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்ட மனு அது.

எதிர்க் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வசிக்கும் ஹமீதுல்லாவுக்கான மனு. 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலைய நெரிசலில் மனைவியையும் மகளையும் தவறவிட்டு, அவர் மட்டும் அமெரிக்கா வந்து சேர்ந்திருந்தார். அவ்விருவரும் இப்போது இஸ்லாமாபாத்தில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். அவர்களை விரைவில் சேர்த்துவைக்கும்படி தொகுதிப் பிரதிநிதியை வேண்டிக்கொள்ளும் ஒரு பக்கக் கடிதம்.

"ஒரு குடும்பம் சேர்ற விஷயம்க்கா. இதுல உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"அவர் வந்து மூணு வருஷம் ஆகலை. கிரீன் கார்டு வந்தாச்சு. நாங்க வந்து பதினாறு வருஷம், இன்னும் க்யூவிலேயே நிக்கறோம். மே மாசம் எங்க பையன் ஷ்ரேயஸுக்கு இருபத்தொண்ணு. அன்னிக்கோட எங்க விசாவிலிருந்து அவன் பேர் போயிடும். அவனுக்காக நீங்க யாராவது இப்படிப் பேப்பரைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா ஏறினீங்களா?"

"ஸ்டூடண்ட் விசாவுக்கு அப்ளை பண்ணியிருக்கீங்கல்ல?"

"பண்ணினோம். பதிலே வரலை. டொராண்டோவுல காலேஜ் பாத்து வெச்சிருக்கோம்."

விசாலாக்ஷி தாள்களை அடுக்கிக்கொண்டு திரும்பினாள்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?" என்று பின்னாலிருந்து கேட்டாள் மரகதம்.

"இருபதுதானாம்."

"எந்த மாசம் பொறந்தவ?"

"ஏன்க்கா, ஜாதகம் பாக்கப் போறீங்களா?"

கதவு சாத்தப்பட்டது.

சனிக்கிழமை தமிழ்க் குழு கூடியபோது வேறு பேச்சே இல்லை.

"ஒரே ஒரு வீடு போடலை. ஒரே ஒரு வீடு!" என்றாள் விசாலாக்ஷி.

"பொறாமை. வேறென்ன?" என்றாள் பர்வதம். "தன் பிள்ளை போறான்னா, இன்னொருத்தர் பொண்ணு வரக்கூடாதா? ஜன்னல்ல நின்னு அந்த மனுஷன் வீட்டையே பாத்துக்கிட்டிருக்கா. எங்க பொண்ணு ரக்ஷாவே கேக்கறா, வாட்ஸ் ராங் வித் மரகதம் ஆன்ட்டின்னு."

பர்வதம் சொன்னதில் பொய்யில்லை. மகள் வந்தால் படுப்பதற்கென்று ஹமீதுல்லா ஒரு புதிய மெத்தையைத் தோளில் சுமந்து வந்ததை மரகதம் பார்த்தாள். அவள் வீட்டில் அன்று காலைதான் ஷ்ரேயஸின் புத்தகங்கள் பெட்டிக்குள் போயிருந்தன. அவள் இழுத்த வேகத்தில் ஜன்னல் திரையின் கயிறு அறுந்து கையோடு வந்துவிட்டது.

மனுவுக்கு இரண்டே வாரத்தில் பதில் வந்தது. 'உங்கள் அக்கறைக்கு நன்றி' என்று தொடங்கி அதே இடத்தில் முடியும் பதில். அதைப் படமெடுத்து வாட்ஸப்பில் போட்டதும் நாற்பது பேர் கைதட்டினார்கள்.

மே மாதக் கடைசியில் விசா கிடைத்தது. நுவர்க் விமான நிலையத்தில் பலூன்களும், வளாகத் தமிழர்களின் பெயர் பொறித்த பதாகையுமாக முப்பது பேர் திரண்டார்கள். விசாலாக்ஷி கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

அப்போது மேல்தளத்திலிருந்து எஸ்கலேட்டரில் மரகதம் இறங்கி வந்தாள். கண்ணிமைகள் வீங்கியிருந்தன. டொராண்டோ விமானத்துக்கு ஷ்ரேயஸை உள்ளே அனுப்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"பாத்தியா, போட்டோவுக்கு மட்டும் சரியா வந்துட்டா" என்று பர்வதம் முணுமுணுத்தாள்.

கதவுகள் திறந்தன. தாயும் மகளும் வந்தார்கள். ஹமீதுல்லா தரையில் அமர்ந்து அழுதார். எழுந்ததும் கூட்டத்தில் யாரையோ தேடினார். பலூன்களையும் பதாகையையும் கடந்து, மகளைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு மரகதத்தின் முன் போய் நின்றார்.

"ஜர்மினா, உனக்காகக் கடிதம் எழுதியவர் இவர்தான்" என்றார், எல்லோருக்கும் புரியும்படி ஆங்கிலத்தில். "இருபத்தொன்று முடிந்துவிட்டால் நீ குழந்தைக் கணக்கில் வரமாட்டாய், உன்னை அங்கேயே விட்டுவிட்டு அம்மாவுக்கு மட்டும் விசா கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. உதவிக்கு வந்தவர்களும் கவனிக்கவில்லை. இவர் கதவைத் தட்டி உன் பிறந்த தேதியைக் கேட்டார். ஜூன் ஏழு என்றேன். அன்றே உட்கார்ந்து, எந்த விதி, எந்தப் படிவம் என்று தூதரகத்துக்குப் பதினான்கு பக்கம் எழுதினார்."

ஜர்மினா மரகதத்தைக் கட்டிக்கொண்டாள்.

விசாலாக்ஷியின் கைபேசி தானாகத் தாழ்ந்தது.

"அக்கா... ஷ்ரேயஸுக்காகத் தேடித் தேடிப் படிச்சதை வெச்சா எழுதினீங்க?"

"ஆமாங்க. அவனுக்குத்தான் ஒரு விதியும் பொருந்தலை."

"அப்புறம் ஏன்க்கா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை? கையெழுத்து போடலைன்னதும் பொறாமைன்னு உங்களைத் தப்பா நினைச்சுட்டோமே!"

மரகதம் அந்தப் பெண்ணின் தோளிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்:

"நீங்க தப்பா ஒண்ணும் நினைக்கலைங்க, விசாலாக்ஷி. இப்பவும் எனக்கு வயிறு எரியுது. எரிய எரியத்தான் அந்தப் பதினாலு பக்கத்தையும் டைப் பண்ணினேன்."