கூடத்துச் சுவரில் ஒரு மன்னர்

"எண்ணைப் பாத்துச் சொல்லக் கூடாது தம்பி. எழுத்தைப் பாத்துச் சொல்லணும். இது எந்த நாடு?"

காபி கூட இன்னும் வரவில்லை, அதற்குள் பரீட்சை. சோபா நுனியில் உட்கார்ந்திருந்த பையன், நீட்டிய நோட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

நீட்டியவருக்குத் தெருவில் நோட்டுக்காரர் என்று பெயர். வங்கியில் வெளிநாட்டுப் பணம் மாற்றும் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். உலகத்து எழுத்தெல்லாம் தனக்கு அத்துப்படி என்று நினைப்பு. அதை மறுத்துப் பேசி அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. மகளைக் கட்டிக்கொடுப்பதென்றால் மாப்பிள்ளைக்கு வேலை இருக்கிறதோ இல்லையோ, நோட்டைப் பார்த்து நாட்டைச் சொல்லத் தெரிய வேண்டும்.

"எழுத்து மேலேருந்து கீழ வருது சார். மங்கோலியா."

"பரவால்ல. இது? ஒரே சுழியா இருக்கே?"

"ஜார்ஜியா."

"கொக்கி கொக்கியா இருந்தா?"

"ஆர்மீனியா சார்."

கதவோரம் நின்ற மகளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஒரு மாதமாகப் பாடம் எடுத்தவள் அவள்தான். இந்தப் பையனை விட்டால் வேறு யாரையும் கட்டிக்கொள்வதாக இல்லை.

"படம் வரையற வேலைன்னு பொண்ணு சொன்னா. கோடு கிழிக்கிறவருக்கு எழுத்தோட அருமை எங்க தெரியப்போகுதுன்னு நினைச்சேன்" என்று பெரிய மனதோடு பாராட்டிவிட்டு நோட்டுக்காரர் எழுந்தார். "வாங்க. கடைசிக் கேள்வி."

கூடத்துச் சுவரின் நடுவில், தனி விளக்குப் போட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரே ஒரு நோட்டு இருந்தது. அதற்கு இடம் விட்டுத்தான் அவருடைய கல்யாணப் போட்டோ கதவுக்குப் பின்னால் போயிருந்தது. நோட்டில் கிரீடம் வைத்த ஒரு மன்னர். முறுக்கு மீசை, இடது புருவத்துக்கு மேலே கொட்டைப்பாக்கு அளவுக்கு மச்சம். சுற்றிலும் புள்ளியும் கொம்புமாக எழுத்து. ஒரு தரகரிடம் வாங்கியது. என்ன விலை என்று மனைவிக்கு இன்றுவரை தெரியாது.

"போன வருஷம் ஒரு வரன் வந்தான். இதைப் பாத்து 'பொம்மை நோட்டு மாதிரி இருக்கே'ன்னான். அன்னைக்கே வழியனுப்பிட்டேன். நீங்க சொல்லுங்க."

பையன் நோட்டைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. மகளைப் பார்த்தான். பாவம், அவள் எடுத்த பாடத்தில் இது இல்லை.

"நீங்களே சொல்லுங்க சார். உங்க வாயால கேட்டாத்தான் நல்லா இருக்கும்."

நோட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"கடல்ல முழுகிப்போன ஒரு தீவு. இவர்தான் கடைசி ராஜா. கீழ பொடி எழுத்துல என்ன போட்டிருக்கு தெரியுமா? 'கள்ள நோட்டு அடிப்பவன் கை வெட்டப்படும்.' இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க உலகத்துலயே ரெண்டு மூணு பேர்தான் இருக்கோம்."

பையன் மெல்ல வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார் நோட்டுக்காரர்.

"முகத்தைப் பாருங்க. பரம்பரை பரம்பரையா ஆண்ட களை."

"ஆமா சார். பாத்ததும் எழுந்து நிக்கணும்னு தோணுது."

"நீங்கதான் என் மாப்பிள்ளை. ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டு வாங்க, பேசி முடிச்சிடலாம்."

"அப்பா எதுக்கு மாமா? போன்லயே பேசிடலாமே. அவருக்கு முழங்கால் வலி."

"நல்ல கதையா இருக்கே. சம்பந்தி முகத்தைப் பாக்காம பொண்ணு குடுக்கறதா?"

"அவரு கொஞ்சம் வெகுளி மாமா. மனசுல பட்டதை அப்படியே சொல்லிடுவாரு."

"அப்படிப்பட்டவங்களைத்தான் எனக்குப் பிடிக்கும். கார் அனுப்பறேன்."

ஞாயிற்றுக்கிழமை அண்ணன், தம்பி, மச்சினன்மார் என்று வீடு நிறைந்துவிட்டது. நோட்டுக்காரர் அவர்களைச் சுவர் முன்னால் வரிசையாக நிறுத்தி, முழுகிப்போன தீவைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்து முடித்தார். எதிர்த்துப் பேச யாருக்கும் தெம்பில்லை. பக்கத்து அறையில் பையன் பெண்ணிடம் ஏதோ சொல்ல வாயெடுப்பதும் மூடுவதுமாக இருந்தான். அதற்குள் அழைப்புமணி அடித்தது.

நோட்டுக்காரரே ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். வாசலில் முறுக்கு மீசை, இடது புருவத்துக்கு மேலே கொட்டைப்பாக்கு அளவுக்கு மச்சம். கிரீடம் மட்டும்தான் இல்லை.

வந்தவர் அவருடைய தோளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்து வாயெல்லாம் பல்லானார். "அட, நம்ம பையன் சினிமாவுக்கு அடிச்ச நோட்டு. என்னை உக்கார வெச்சு ராஜாவா வரைஞ்சான், எழுத்தெல்லாம் அவனே கிறுக்குனது. இதுக்குப் போயி எதுக்கு சம்பந்தி கண்ணாடி? எங்க வீட்டுப் பரண்ல ஒரு மூட்டை கிடக்கு, நாளைக்கே குடுத்தனுப்பறேன்."