பதிவாகாத பதில்

ராக் இசைக்குழுக்களைப் பேட்டி எடுத்தே பூவராகனுக்கு இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. "எங்க பாட்டை எந்த வகையிலயும் சேர்க்க முடியாதுண்ணே" என்று அத்தனை பேரும் ஒரே மாதிரி சொல்வதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. அந்த அலுப்பில்தான் மூன்று வருஷத்துக்கு முன், 'ஈரச்சுவர்' குழுவின் பாடகன் கிளமெண்ட்டோடு பேசியபோது, ரெக்கார்டரை ஆன் செய்ய மறந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றுமே பதிவாகவில்லை. மறுநாள் காலை பேட்டி அச்சுக்குப் போயாக வேண்டும். நினைவில் நின்றதை எழுதினார். ஏன் கிடாரைத் தொட்டாய் என்ற கேள்விக்கு அவன் சொன்னது மட்டும் சுத்தமாக மறந்துபோயிருந்தது. அந்த இடத்தில் தன் கதையை அவன் சொன்னதாக வைத்து ஒப்பேற்றினார்: அப்பா தன்னோடு பேசுவதை நிறுத்திய வருஷம், வீட்டில் ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்று கிடார் வாங்கிய கதை. யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. அந்தக் கிடார் இன்னும் கட்டிலுக்கு அடியில் கம்பியறுந்து கிடக்கிறது.

பேட்டி வெளிவந்த பிறகும் கிளமெண்ட்டிடமிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை.

இன்று மேடைக்குப் பின்னாலிருந்த அறையில், வேறெதுவும் கேட்கத் தோன்றாமல் அதே கேள்வியைக் கேட்டார். கிளமெண்ட் கிடாரைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"எங்கப்பா என்கூடப் பேசறதை நிறுத்திட்டார்ணே. வீட்ல ஏதாவது சத்தம் இருக்கட்டும்னுதான்..."

அவன் கண் கலங்கியிருந்தது. நடிப்பாகத் தெரியவில்லை.

பூவராகன் ரெக்கார்டரைப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எழுதிக்கோங்கண்ணே," என்றான் அவன். "இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."