திருத்திய தண்டனை

"ரெண்டு கட்டுரையும் அச்சு அசலா ஒண்ணா இருக்கே. உன்னோடதை யாருக்காவது கொடுத்தியாம்மா?" என்று கேட்டார் விசாரணைக் குழுத் தலைவர்.

"இல்லவே இல்ல சார்," என்றாள் மாணவி.

'என்ன கேட்டாலும் இல்லைன்னே சொல்லுடி, நானும் அதையேதான் சொல்வேன்' என்று விடுதி அறையில் கண்ணைக் கசக்கிய தோழியைக் காட்டிக்கொடுக்க முடியுமா?

தலைவர் ஒரு தாளை நகர்த்தினார். "உன்னைப் பார்த்துத்தான் காப்பியடிச்சேன்னு அவ காலையிலயே எழுதிக் கொடுத்துட்டாளே!"

மாணவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாளே பாவி!

"அவளுக்கு என்ன தண்டனை சார்?"

"உண்மையை ஒத்துக்கிட்டதால வேற கட்டுரை எழுதினா போதும். மறைச்ச உனக்குத்தான் ஒரு வருஷம் நீக்கம். புது விதி அப்படி."

"சொந்தமா எழுதினவ நான் சார்! எந்தப் புண்ணியவான் போட்ட விதி இது?"

"நீங்கதாம்மா. தண்டனையைத் திருத்தச் சொல்லி மாணவர்கள் கொடுத்த மனு." காகிதக் கட்டை எடுத்துப் போட்டார்.

மனு எழுதியவள் தோழி. 'நீளமா இருக்குடி, படிக்காத. நீ போட்டாத்தான் மத்தவங்களும் போடுவாங்க' என்று போன மாதம் அவள் நீட்டியபோது, இவள் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்துதான் முதலில் இருந்தது.