பாலத்தில் புளியமரம்

புளியமரத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் ஓடினாள்.

மரம் என்றால் கிளை. காலையில் வெட்டியது, இன்னும் வாடவில்லை. பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து ஜன்னல்களை உரசிக்கொண்டே பின்பக்கம் வரை ஓட வேண்டும். பின்னால் போனதும் குனிந்து, பதுங்கி, மறுபடி முன்னால்.

மறுபடி ஒரு புளியமரம்.

பஸ் ஓடவில்லை. மரங்கள்தான் ஓடின.

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மதியம், வேலை கிடையாது. மூலையில் எஞ்சின் கழற்றிய பழைய பஸ். 'பின்சீட்டு' நாடகக் குழுவுக்கு அதுதான் மேடை. பார்க்க வந்தவர்கள் உள்ளே, பயணிகள். நடிப்பவர்கள் எல்லோரும் வெளியே. நான்கு பேர் தோள் கொடுத்து வண்டியைக் குலுக்கினார்கள். ஒருத்தி மக்கில் தண்ணீர் மொண்டு கண்ணாடியில் விசிறினாள். மழை.

"ஏ மரம்! மெதுவா ஓடு. இது பஸ்ஸு, ஏரோப்ளேன் இல்ல!"

குலுக்கிக்கொண்டே கிசுகிசுத்தான் ரஃபீக். குழுவை ஆரம்பித்தவன்.

அவள் காதில் வாங்கவில்லை. கண் முழுக்க முன்சீட்டில் இருந்தது.

இந்த நாடகத்துக்கு ஒரே ஒரு சட்டம். பயணிகளின் தலைக்கு மேலே மணிக் கயிறு ஓடுகிறது. யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்தால் பஸ் நிற்கும். நாடகமும் அங்கேயே முடியும்.

பாலம் தாண்டும்வரை யாரும் இழுத்துவிடக்கூடாதே என்றுதான் அவளுக்குக் கவலை.

முக்கியமாக அவர்.

முன்சீட்டு, இடதுபக்கம், ஜன்னலோரம். நாச்சிமுத்து. பட்டறையின் வாட்ச்மேன்.

ஒரு காலத்தில் பஸ் டிரைவர். ஆற்றுப் பாலத்தில் டயர் வெடித்து, வண்டி கைப்பிடிச் சுவரைக் கிழித்துக்கொண்டே போய் நின்றது. இடதுபக்க ஜன்னலோரம் இருந்த ஒருவரும் வீடு திரும்பவில்லை. அதற்கப்புறம் அவர் பஸ் ஏறியதே இல்லை. எங்கே போனாலும் நடைதான். ராப்பகலாக பஸ்களுக்குக் காவல் இருக்கிறார். படியில் மட்டும் கால் வைக்கமாட்டார்.

ஒத்திகைக்கு நடுவே டீ குடிக்கும்போது அவரே சொன்ன கதை. எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

அவள் மட்டும் டீயை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் வந்து, நாடகத்தில் ஒரு பாலம் வேண்டும் என்றாள்.

"வேணாம்ப்பா. அந்த மனுசன் பாவம்," என்றான் ரஃபீக்.

"நம்ம பஸ்ஸு மோதாது. தாண்டும். அவ்வளவுதான். அவரு ஏறுவாரு பாரு."

இன்று ஏறிவிட்டார். 'எஞ்சினே இல்லாத வண்டி, என்ன பண்ணிரும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு.

இதோ, பாலம்.

மழை நின்றது. பாலத்தின் சத்தத்துக்காக, வெளியே இருந்தவர்களின் கட்டைகள் வண்டியின் தகரத்தில் விழத் தொடங்கின.

தடக். தடக். தடக்.

உள்ளே பேச்சு அடங்கியது. ஒரு குழந்தை அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

நாச்சிமுத்துவின் கை மேலே போனது.

கயிற்றைப் பிடித்தது.

அவள் கால்கள் நின்றுவிட்டன. அவருடைய ஜன்னலுக்கு நேராக. அப்போதுதான் தோளைப் பார்த்தாள். பாலம் வந்ததும் கிளையைப் போட்டுவிட்டு விளக்குக் கம்பத்தைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கவில்லை.

ஆற்றுப் பாலத்தின் நட்ட நடுவில் ஒரு புளியமரம்.

அதுவும் அசையாமல்.

மரம் நின்றால் வண்டி நின்றதாக அர்த்தம். அப்படித்தான் பழகியிருந்தார்கள். குலுக்கியவர்கள் தோளை எடுத்தார்கள். கட்டைகள் ஓய்ந்தன. போச்சு என்று ரஃபீக் தலையில் கை வைத்தான்.

பஸ், பாலத்தின் மேல், நின்றுபோனது.

நாச்சிமுத்து வெளியே பார்த்தார். மரத்தைப் பார்த்தார். முன்னால் பார்த்தார். டிரைவர் சீட் காலி.

அவர் முகம் மாறியது.

"ஏப்பா, பாலத்து மேல எவனாச்சும் வண்டிய நிறுத்துவானா? அறிவிருக்கா? எடு! எடுன்னா!"

கயிற்றை விட்டார். ஜன்னல் தகரத்தில் படபடவென்று தட்டினார். வலது கால் தரையை மிதித்தது, அழுத்தி.

அவள் ஓடினாள்.

நான்கு தோள்களும் ஒன்றாக மோதின. பஸ் திமிறிக்கொண்டு கிளம்பியது. தடக் தடக் தடக். புளியமரத்தோடுதான் அந்தப் பாலத்தை முழுசாகத் தாண்டினார்கள். அக்கரையில் வெயில் அடித்தது. கைதட்டல் பட்டறைக் கூரையில் போய் முட்டியது.

எல்லோரும் இறங்கினார்கள்.

அவர் இறங்கவில்லை.

அவள் கிளையோடு ஏறிப் போனாள்.

"கடைசி ஸ்டாப்புங்கய்யா."

"வந்து சேந்துட்டமா கண்ணு?"

"சேந்துட்டமுங்க."

அவர் தலையாட்டினார். வெளியே பார்த்தபடியே பேசினார்.

"அன்னிக்கி என் வண்டியிலயும் இதே மாதிரி முன்சீட்டுல ஒரு பாப்பா. சன்னலோரம்தான் வேணும்னு ஒரே அடம். காத்தடிக்கும், உள்ளாற தள்ளி உக்காருன்னு ஒரு அதட்டு அதட்டிட்டுத்தான் வண்டிய எடுத்தேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே தள்ளி உக்காந்துச்சு. அது என்னாச்சுன்னு கேக்கறதுக்கு எனக்குத் தைரியமே வரல கண்ணு."

அவள் கிளையைக் கீழே வைத்தாள்.

அவருக்குப் பக்கத்தில், உள்பக்கமாக உட்கார்ந்தாள்.

"இன்னும் உள்ளாறதானுங்க உக்கார்றேன்," என்றாள்.